சிறந்த ஆலோசனைக்கான கடிகாரம்

எங்கள் சோப்புத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக ஒரு பெண்கூடப் புகார் கொடுத்ததில்லை. சும்மா சொல்லவில்லை, பதிவேடு இருக்கிறது. நீல அட்டை போட்ட பெரிய பதிவேடு. முதல் பக்கத்தில் 'பணியிடத் துன்புறுத்தல், பாகுபாடு குறித்த புகார்கள்' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அடுத்த பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வெள்ளை வெளேர். வருடா வருடம் ஆய்வுக்கு வருகிறவர்கள் அதைப் புரட்டிப் பார்த்து அடேயப்பா என்பார்கள். வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஐந்து பாராட்டுப் பத்திரங்களும் அந்த வெள்ளைத் தாள்களுக்குக் கிடைத்தவைதான்.

அந்த வெள்ளையைக் காப்பாற்றியவர்களில் நானும் ஒருவன். நிர்வாக அலுவலகத்தில் எழுத்தர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எனக்குப் பெயர். ஆனால் இது என் கதை இல்லை, தராசக்காவின் கதை. என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று என் மனைவி சொல்லுவாள். அங்கங்கே நான் தலையை நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புகார் கொடுக்கக் கூடாது என்று எங்கள் ஆலையில் யாரும் தடுக்கவில்லை. சட்டம் சொன்னபடி புகார்ப் பெட்டி வைத்தோம். பெண்கள் அதிகம் இருப்பது பாக்கிங் பிரிவில், ஆகவே பெட்டியும் அங்கேதான் இருக்க வேண்டும் என்றார் மேனேஜர். அங்கே எல்லாரும் வந்து போகிற இடம் எது? மேற்பார்வையாளர் அறை. அவருடைய நாற்காலிக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டினார்கள். சாவி அவருடைய கொத்தில். இரண்டு கையிலுமாக நான்கு மோதிரம் போட்டிருப்பார் என்பதால் பெண்கள் அவரை மோதிரக்காரர் என்பார்கள். மோதிரக்காரர் மேல் புகார் எழுதினால், மோதிரக்காரரிடமே "கொஞ்சம் எழுந்திருங்க சார்" என்று சொல்லி, அவர் நாற்காலியில் ஏறி நின்று போட வேண்டும். இதில் யாருக்கு என்ன தடை, சொல்லுங்கள்?

அதனால் காகிதங்களெல்லாம் என்னிடம் வர ஆரம்பித்தன. கேன்டீன் வாசலில் ஆலோசனைப் பெட்டி ஒன்று உண்டு. அதன் சாவி என்னிடம். முதல் காகிதத்தைப் படித்தேன். எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"ஏன்யா பதறுறீங்க? கடைசி வரியப் பாருங்க. 'இனிமே இப்படி நடக்காம பாத்துக்கணும்'னு எழுதியிருக்கா. இது ஆலோசனைதானே?"

"சார், மேல எழுதியிருக்கறது..."

"மேல எழுதினது விளக்கம். கீழ எழுதினது ஆலோசனை. எந்தப் பெட்டில விழுந்துச்சு? ஆலோசனைப் பெட்டில. அப்புறம் என்ன?"

அவர் மேனேஜர் ஆனதும் நான் எழுத்தராகவே இருப்பதும் இதனால்தான். காகிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். ஏற்றுக்கொண்ட ஆலோசனைக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்று அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. தலைமை அலுவலகம் எந்தக் காலத்திலோ அனுப்பிய சுவர்க் கடிகாரங்கள் நூறு, ஒருத்தரும் ஆலோசனை சொல்லாததால், ஸ்டோரில் தூசி படிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தோம். அவள் கடிகாரத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். வாங்கிக்கொண்டு போனாள்.

பரிசு என்றால் ஒரு முறை வேண்டாமா? முறை வைத்தவன் நான்தான், யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒவ்வொரு கடிகாரத்தின் முதுகிலும் ஒரு லேபிள். வரிசை எண், ஆலோசனை பெற்ற தேதி, பெயர், பிரிவு, பொருள், கீழே என் சுருக்கொப்பம். பொருள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்றுதான் மண்டையைக் குடைந்துகொள்வேன். 'மேற்பார்வையாளர், பணியாளர் இடையே இடைவெளி மேம்பாடு.' 'உடை மாற்றும் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் குறித்து.' 'கூடுதல் நேர வேலை ஒதுக்கீட்டில் தனிப்பட்ட கனிவு தவிர்த்தல்.' இந்தக் கடைசியைப் படித்து மேனேஜர் என் தோளைத் தட்டி, "உங்களுக்கு இருக்கற மூளைக்கு..." என்று வாக்கியத்தை முடிக்காமல் போனார். அன்று வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். வெட்கம் கெட்டவன்.

இப்போது தராசக்கா. பாக்கிங் வரிசையின் கடைசியில் ஒரு தராசு இருக்கிறது. எழுபத்திரண்டு சோப்பு அடங்கிய அட்டைப்பெட்டி அதில் ஏறி இறங்கினால்தான் கிடங்குக்குப் போகும். இருபது வருடமாக அந்தத் தராசடியில் நின்றவர் அவர். நெட்டையான உடம்பு, கம்பீரமான குரல். பெட்டியைத் தராசில் வைப்பதற்கு முன்பே கையிலேயே தெரிந்துவிடும் அவருக்கு. "இதுல ஒண்ணு கம்மிடி, உங்கப்பன் வீட்டுக் கணக்கா?" என்று பெட்டியைத் திருப்பித் தள்ளுவார். பிரித்து எண்ணினால் எழுபத்தொன்று இருக்கும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் இதை நம்பாமல் வேண்டுமென்றே ஒரு சோப்பை எடுத்து வைத்துச் சோதித்து, வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஆறு டப்பாவிலும் கை போடுவார், தன் டப்பாவை ஆறு பேருக்கும் நீட்டுவார்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடியில் இரண்டு அறை வீடு. வீட்டுக்காரர் பணிமனையில் டயர் மாட்டுகிறவர், வாயே திறக்கமாட்டார். "எங்க ரெண்டு பேர் பேச்சையும் நானே பேசிடுறேன், அவருக்கு எதுக்குச் சிரமம்?" என்பார் அக்கா. ஒரே மகள், படிப்பை முடிக்கிற நிலையில் இருந்தாள்.

பெட்டியைத் தூக்கும்போது குனிந்துதானே ஆக வேண்டும்? குனிகிற நேரம் பார்த்து மோதிரக்காரருக்குத் தராசின் முள்ளைப் பார்க்க வேண்டியிருக்கும். பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார். கை எங்கே போகும் என்று நான் எழுதப் போவதில்லை, இத்தனை வருடம் எழுதாமல் மழுப்பியவன் இப்போது எழுதி என்ன கிழிக்கப் போகிறேன். முதல் தடவை அக்கா திரும்பி, பிரிவு முழுக்கக் கேட்கிற மாதிரி, "கைய எடுங்க சார், அது சோப்பு இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாளிலிருந்து அக்காவுக்கு விடுப்பு கேட்டால் விடுப்பு இல்லை, தண்ணீர் குடிக்கப் போனால் நேரக் குறைப்பு.

அக்கா எழுதிப் போட்டார். கடிகாரம் வந்தது. என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், நான் கடிகாரமா கேட்டேன்?"

"வெச்சுக்கங்கக்கா. ஏதோ ஒண்ணு வருதே."

"எங்க வீட்ல மணி பாக்கத் தெரியாம இருக்கோமா?"

அடுத்த வருடம் மறுபடியும் எழுதினார். இரண்டாவது கடிகாரம். "சார், ரெண்டும் ரெண்டு நேரம் காட்டுது. எத நம்பறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கும் அடுத்த வருடம் மூன்றாவது காகிதம். இந்தத் தடவை கடைசி வரியே இல்லை. இனிமேல் நடக்காமல் பார்க்க வேண்டும் என்கிற பேச்சே இல்லை. 'இந்த ஆள் மேல் விசாரணை வையுங்கள், இல்லாவிட்டால் வெளியே போய்ச் சொல்லுவேன்' என்று இருந்தது. மேனேஜர் அதையும் கிழித்தார். கிழிக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

மூன்றாவது கடிகாரத்தை அக்கா தொடவே மாட்டேன் என்றுவிட்டார். கடிகாரம் வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கப் பரிசுப் பதிவேடு ஒன்றும் வைத்திருந்தேன். அதில் ஒரு கட்டம் கையெழுத்தில்லாமல் காலியாக நிற்குமே! தராசடிக்கே போய்க் கெஞ்சினேன். "அக்கா, எனக்காக வாங்கிக்கங்க. இல்லன்னா என்னைத்தான் கேப்பாங்க." அந்த மனுஷி என் முகத்தைப் பார்த்தார். "உங்களப் பாத்தாதான் பாவமா இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

கடிதம் போட்ட பன்னிரண்டாம் நாள் ஆப்பு வைத்தார்கள். கிடங்கில் ஆறு பெட்டிகளில் இரண்டிரண்டு சோப்பு குறைவாம். எடை போட்டது யார்? தராசக்கா. வெளியில் கொண்டுபோய் விற்றிருக்கிறார் என்று மோதிரக்காரர் அறிக்கை எழுதினார். திருட்டுக் குற்றச்சாட்டு, இடைநீக்கம், வேலையிலிருந்து ஏன் விலக்கக் கூடாது என்று ஒரு நோட்டீஸ். அதையும் என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். அழகாக எழுதினேன்.

வாயிற்காவலர் அக்காவின் பையைக் கவிழ்த்துச் சோதித்துத்தான் வெளியே விட்டார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஒரு ஜோடிச் செருப்பு. பாக்கிங் பெண்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். இருபது வருடம் ஒரு சோப்புக் குறைந்தாலும் கத்திய மனுஷியைத் திருடி என்றுவிட்டார்கள். வேலை போனதைவிட அதுதான் அவரைக் கொன்றது. சந்தில் இருக்கிற மளிகைக் கடைக்குப் போனால் கடைக்காரர் சோப்பு அடுக்கைப் பார்த்துவிட்டு அவரைப் பார்ப்பாராம். கடைக்குப் போவதையே விட்டுவிட்டு வீட்டுக்காரரை அனுப்பினார்.

அக்காவுக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்தார். இலவச சட்ட உதவி மையத்தில் உட்கார்ந்திருக்கிற, பாதி வயசிலேயே நரைத்த, வெடுக்கென்று பேசுகிற பெண். அக்கா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னாராம்: "புகார் குடுத்தவங்கள அதுக்காகவே பழிவாங்கினா அது தனிக் குற்றம்மா. வேலைய விட்டுத் தூக்க முடியாது. ஆனா புகார் முதல்ல, பழி அப்புறம்னு நாம காட்டணும். குடுத்த லெட்டருக்கு நகல் இருக்கா?"

நகலுக்கு எங்கே போக? ஆலை என்ன சொன்னது என்றால், குற்றச்சாட்டு வந்த பிறகு இந்தப் பெண் புகார்க் கதையை ஜோடிக்கிறாள், எங்கள் பதிவேட்டைப் பாருங்கள், பதினோரு வருடமாக ஒன்றுமே இல்லை. வெள்ளைத் தாளே சாட்சி சொன்னது.

எனக்குத் தெரியும். நான் மூன்று கடிதத்தையும் படித்தவன். வாயைத் திறந்தேனா? இல்லை. ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருந்தது, மகளின் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, இரத்த அழுத்தம் வேறு. காரணம் வேண்டுமென்றால் இன்னும் பத்து சொல்லுவேன்.

ஒருநாள் வக்கீலம்மா கையெழுத்து வாங்க அக்கா வீட்டுக்கு வந்தார். உள் அறையில் ஒரு கடிகாரம், வெளி அறையில் ஒன்று, சமையல் மேடைக்கு மேலே ஒன்று.

"என்னம்மா, ரெண்டு ரூமுக்கு மூணு கடிகாரம்?"

"லெட்டர் போட்டா கடிகாரம் குடுப்பாங்க. அப்படித்தான் வந்துச்சு."

வக்கீலம்மா பேனாவை மூடிவிட்டு நாற்காலியில் ஏறி முதல் கடிகாரத்தைக் கழற்றினார். முதுகில் என் முத்தான கையெழுத்து. எண், தேதி, பெயர், பிரிவு, பொருள், சுருக்கொப்பம். மூன்றாவது கடிகாரத்தின் தேதி, திருட்டு அறிக்கைக்குப் பன்னிரண்டு நாள் முந்தையது. எழுதிக் கொடுத்ததற்கு ஆலை தன் கைப்பட ரசீது ஒட்டி, பேட்டரியும் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது! வக்கீலம்மா நாற்காலியிலிருந்து இறங்கவே இல்லையாம், அங்கேயே நின்று சிரித்தாராம். சிரித்து முடித்ததும் கேட்டார்: "இதே மாதிரி கடிகாரம் வேற யார் வீட்லயாவது இருக்கா?"

அன்று மாலையே அக்கா ஒரு கோணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாக்கிங்கில் வேலை செய்கிறவள், விட்டவள், விலக்கப்பட்டவள் என்று வீடு வீடாக. ஒருத்தி கேட்டவுடன் கழற்றிக் கொடுத்தாள். ஒருத்தி கடிகாரம் எப்படி வந்தது என்று புருஷனிடம் சொன்னதே இல்லை, வாசலிலேயே அழுதாள். இன்னொருத்தி அதை நாத்தனார் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்துத் தொலைத்திருந்தாள். அக்கா அந்த நாத்தனார் வீட்டுக்கும் போய், புதுக் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பழையதை மீட்டுக்கொண்டு வந்தார். அவருடையது மூன்று, மற்றவர்களுடையது ஆறு. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். ஆறு பேரும் ஒருவரையொருவர் தினமும் பார்க்கிறவர்கள்.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. சிறிய அறை, மின்விசிறி கரகரவென்று சத்தம் போடும். விசாரணை அதிகாரி பேச்சைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டுகிற மனிதர். மேசைமேல் ஒன்பது கடிகாரத்தையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார் வக்கீலம்மா. ஒன்பதும் ஓடிக்கொண்டிருந்தன. பரிசுப் பதிவேடு எங்கே என்று அதிகாரி கேட்டார். எலி தின்றுவிட்டது என்றார் மேனேஜர். எங்கள் ஆலை எலிகள் கெட்டிக்கார எலிகள், பக்கத்திலேயே இருந்த புகார்ப் பதிவேட்டை நுனிகூடக் கடிக்கவில்லை.

சாட்சியாக என்னைக் கூப்பிட்டார்கள். கையெழுத்து என்னுடையதுதானா என்று கேட்டார்கள். இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும், ஊரே அறிந்த கையெழுத்து!

"'இடைவெளி மேம்பாடு'ன்னா என்ன? அந்தம்மா என்ன எழுதிக் குடுத்தாங்க?" என்றார் அதிகாரி.

மேனேஜர் என்னையே பார்த்தார். நான் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "ஞாபகம் இல்லைங்க."

"அடுத்தது?"

"ஞாபகம் இல்லைங்க."

"ஒன்பதுக்குமே ஞாபகம் இல்லையா?"

"வயசாயிடுச்சுங்க" என்றேன். எதிரில் உட்கார்ந்திருந்த அக்கா 'ச்சை' என்றார். நன்றாகவே கேட்டது.

அப்போதுதான் ஆலையின் வக்கீல் எழுந்தார். கோட்டு போட்ட பெரிய மனிதர். நிர்வாகத்துக்கு இது எதுவுமே தெரியாது என்றார். பெட்டியின் சாவி இந்த எழுத்தரிடம், படித்தது இவர், பொருள் எழுதியது இவர், கடிதங்களை மேலே அனுப்பாமல் மறைத்ததும் இவரே, ஆலை இவர்மேல் நடவடிக்கை எடுக்கும் என்றார். மேனேஜர் எவ்வளவு வருத்தம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

எனக்குச் சட்டென்று எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வரிக்கு வரி வந்தது. ஒன்பது கடிதத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். எந்தப் பெண், எந்த மூலை, எந்தக் கை, எந்தச் சொல். மேனேஜர் கிழித்தது, நான்காகக் கிழித்தது, கூடை எந்த நிறம் என்பதுகூட. கிடங்கில் அந்த ஆறு பெட்டியும் இறங்கியபோது எடை சரியாக இருந்தது என்று கிடங்குக்காரர் கொடுத்த சீட்டு மேனேஜர் மேசையின் எந்த இழுப்பறையில் கிடக்கிறது என்றும் சொல்லிவிட்டேன். முக்கால் மணி நேரம் பேசினேன். மகா தைரியசாலி!

தீர்ப்பு இரண்டு மாதத்தில் வந்தது. திருட்டுக் குற்றச்சாட்டு பொய், பழிவாங்கும் நோக்கம் கொண்டது. தராசக்காவை அதே வேலையில், அதே பணிமூப்பில் திரும்பச் சேர்க்க வேண்டும். திருடவில்லை என்பதை ஆலை எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். மோதிரக்காரர் வேலையை விட்டு நீக்கப்பட்டார், காவல் நிலையத்திலும் வழக்கு. மேனேஜரைத் தலைமை அலுவலகம் எங்கோ தூக்கியடித்தது. பெண்களே பாதிக்குமேல் இருக்கிற, வெளியாள் ஒருவர் உட்கார்கிற புகார்க் குழு வந்தது. வாசல் அறிவிப்பை எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள். சந்து மளிகைக் கடைக்காரர் வந்து நின்று படித்துவிட்டுப் போனார் என்று கேள்வி.

என் பாடு என்ன ஆனது என்கிறீர்களா? அதுதான் வயிற்றெரிச்சல். நான் நல்லவனாகிவிட்டேன். நிர்வாகத்தை எதிர்த்து உண்மையைச் சொன்ன மனிதர் என்று பேச்சு. கேன்டீனில் எனக்குத் தேநீர் முதலில் வருகிறது. பாக்கிங் பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். என் மனைவிகூட ஒரு வாரம் என்னை மரியாதையாக நடத்தினாள்.

அக்கா வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் தராசடிக்குப் போனேன். ஒரு வார்த்தை நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. அக்கா ஒன்றைத் தூக்கி வைத்து, முள்ளைப் பார்த்து, பென்சிலால் குறி போட்டுத் தள்ளினார்.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

"இருக்கேன் சார்."

"அன்னிக்கு நான் மட்டும் சொல்லலன்னா..."

"ஆமா. சொன்னீங்க. கடைசில சொன்னீங்க." அடுத்த பெட்டியைத் தூக்கினார். "உங்கள ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. என்னோட முதல் லெட்டரப் படிச்சீங்க இல்ல? படிச்சு முடிச்சதும் உங்களுக்கு என்ன தோணுச்சு?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிக் கேட்டார். அவரிடம் எடை குறைத்துக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, யாரும் மிரட்டாமல் ஒரு உண்மையைச் சொன்னேன்.

"நல்லவேளை, என் பொண்ணு இங்க வேலை பாக்கலன்னு தோணுச்சுக்கா."

அவர் கை பெட்டிமேலேயே நின்றது. முள் ஆடி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் பொண்ணு திங்கக்கிழமை இங்க பாக்கிங்ல சேர்றா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பின்னால் அடுத்த பெட்டி வந்து முட்டியது.

"தள்ளி நில்லுங்க சார்" என்றார் அக்கா, பெட்டியைத் தூக்கக் குனிந்தபடி. "எனக்கு வேலை இருக்கு."